மாதிரியும் எண்ணும்

நம் ஊர்க் கடைவீதியில் உதிரிச் சாமான் விற்கும் கடைக்குச் சென்று பம்ப்செட்டுக்கு ஒரு புஷ் வேண்டுமென்று கேட்டால், "பழசைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்பதே கடைக்காரருடைய முதற் கேள்வியாக இருக்கும். செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்ற, எண்ணெயும் கரியும் படிந்த அந்தத் தேய்ந்த துண்டை உள்ளங்கையில் வைத்துப் புரட்டி, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகே அவர் அலமாரியின் பக்கம் திரும்புவார். பழைய உறுப்பையே மாதிரியாகக் காட்டிப் புதியதைப் பெறும் இவ்வழக்கம் வெகு பழமையானது. மாதிரி இல்லாமலே, வெறும் பெயரையோ எண்ணையோ சொல்லிப் பெறலாம் என்ற நிலை ஏற்படுவதற்குத்தான் யந்திர உலகம் நெடுங்காலம் சிரமப்பட வேண்டியிருந்தது.

ஆதியில் ஒவ்வொரு யந்திரமும் ஒரு தனி ஜீவன் போலவே இருந்தது. ஒரு கொல்லன் செய்த கருவியின் உறுப்பு, அவனே செய்த மற்றொரு கருவிக்குக்கூடப் பொருந்தாது. ஆகையால் ஒன்று முறிந்தால், அந்த ஒன்றுக்காகவே உலை மூட்டி, அடித்து, அராவிப் பொருத்த வேண்டும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்தில் கலப்பைத் தொழில் நடத்திய ராபர்ட் ரான்ஸம் என்பவர், 1808-ஆம் ஆண்டில், உறுப்புகளைக் கழற்றி மாற்றக்கூடிய கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். கொழு தேய்ந்துபோனால் கலப்பையைப் பட்டறைக்குச் சுமந்து செல்லாமல், வயலிலேயே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டு உழவைத் தொடரலாம் என்பதே அதன் விசேஷம்.

இதே ரான்ஸம் ஸ்தாபனந்தான் பின்னர் புல்வெட்டும் யந்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டது. அந்த யந்திரத்தைக் கற்பித்தவர் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் பிசிறுகளைச் சமனாகக் கத்தரிக்கும் ஆலை யந்திரத்தைக் கண்ட அவர், துணியின் பிசிறுக்குச் செய்வதைப் பூமியின் புல்லுக்கும் செய்யலாமே என்று எண்ணி, 19 அங்குல அகலமுள்ள ஒரு யந்திரத்தைச் சமைத்து, 1830-இல் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில், அதைச் செய்து விற்கும் அனுமதியை ரான்ஸம் ஸ்தாபனத்தார் பெற்றனர். பற்சக்கரத்தால் சுழலும் உருளைக்கத்தி, அசையாத அடிக்கத்தியை உரசியும் உரசாமலும் செல்ல வேண்டுமாதலால், இரண்டில் எது தேய்ந்தாலும் புல் வெட்டுப்படாமல் மடங்கிப்போகும். திருகைச் சுழற்றி வாயளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனர் ஒன்றையும் இதே பட்டிங் செய்ததாகச் சொல்லப்படுவது ரஸமான செய்தி. வெவ்வேறு பட்டறைகளில் பிறந்த நட்டுகள் அளவில் ஒத்துப்போகாத காலத்தில், அவை எல்லாவற்றையும் பிடிக்கவல்ல ஒரு வாய் வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

அந்தக் குழப்பத்தை நீக்க முயன்றவர் ஜோஸப் விட்வொர்த். பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, புரியின் கோணம் 55 பாகை என்றும், ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி என்றும் 1841-இல் அவர் ஒரு நியதியை வகுத்தார். ஆனால் அமெரிக்கர்களோ 1864 முதல் 60 பாகையைக் கைக்கொண்டார்கள். அரை அங்குல போல்ட்டை எடுத்துக்கொண்டால், விட்வொர்த் முறையில் அங்குலத்துக்கு 12 புரி. அமெரிக்க முறையில் 13. கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றினாலும், ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் சில சுற்றுகள் வரை இணக்கமாகச் சென்று பிறகு இறுகிக்கொள்ளும். விவரமறியாதவர் பலங்கொண்டு முறுக்கினால் புரியே அழிந்துபோகும். இந்தச் சங்கடம் உலக யுத்தத்தில் நேச நாடுகளின் தளவாடங்களிலும் தலைகாட்டிய பிறகே, 1948-இல், அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று தேசங்களும் பொதுவான புரியளவுக்கு உடன்பட்டன.

1902-இல் ரான்ஸம் ஸ்தாபனம் பெட்ரோலால் ஓடும் புல்வெட்டியை விற்கத் தொடங்கியபின், கத்தியோடு பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் என்று தேடவேண்டியவற்றின் ஜாபிதாவும் நீண்டது. 1953-இல் அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்த மில்வாக்கி நகரத்து பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் போன்ற ஸ்தாபனங்கள், எஞ்சினின் மேலேயே மாடல், டைப், கோட் என்ற எண்களைப் பதித்து அனுப்பின. மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் அழுக்கைத் துடைத்துப் பார்க்கையில் மாடல் எண் 92 என்று தொடங்குமானால், அதன் முதலிலக்கத்தைக் கொண்டே அது ஏறக்குறைய 9 கன அங்குலக் கொள்ளளவுடையது என்று அறியலாம். தேய்ந்த துண்டைச் சுமந்து செல்ல வேண்டிய அவசியம் அத்துடன் ஒழிந்தது.

ஆயினும் எண்ணுக்கு உயிர் கொடுப்பது, அதைப் பதித்த தொழிற்சாலையே அல்லவா? பட்டிங் தம் கடைசி வருஷங்களைக் கழித்து 1846-இல் காலமான டர்ஸ்லி என்ற சிற்றூரில், அவரோடு சேர்ந்து தொழில் செய்த ஜார்ஜ் லிஸ்டரின் மகன் 1867-இல் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நிமிஷத்துக்கு 650 சுற்று என்று நிதானமாக ஓடும் அதன் 6 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின் பல தேசங்களுக்கும் சென்று, இந்தியாவில் எத்தனையோ கிணறுகளில் நீர் இறைத்தது. 1987-இல் டர்ஸ்லியில் அவ்வகை எஞ்சின் செய்வது நின்றுபோயிற்று. ஆனால் குஜராத்தின் ராஜ்கோட் நகரத்துப் பட்டறைக்காரர்கள் அந்த எஞ்சினையே மாதிரியாக வைத்து, வார்த்து, கடைந்து, அதைப் போன்ற எஞ்சின்களையும் அவற்றின் உறுப்புகளையும் செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்த உறுப்புகள் பெரும்பாலும் பழைய லிஸ்டருக்கும் பொருந்துவதால், கடல் கடந்த தேசங்களில் அதை வைத்திருப்பவர்களும் இன்று அவற்றை வரவழைத்து மாட்டுகிறார்கள்.

ஆகவே, எத்தனை எண்கள் பதிந்த தகட்டைக் காட்டினாலும் நம் கடைக்காரர் பழசைக் கேட்பதை அறியாமையென்று தள்ளிவிடலாகாது. தகட்டிலுள்ள எண், செய்தவன் வைத்த பெயர். அவன் கடையை மூடிவிட்டால் அதை அழைத்துப் பயனில்லை. தேய்ந்த துண்டோ, தன் அளவைத் தன் மேனியிலேயே தாங்கி நிற்பதால், அதைப் படிக்கத் தெரிந்த கை ஒன்று எங்கேனும் இருக்கும்வரை எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும்.