பூட்டோ: ஒரு குடும்பப் பெயரின் அரசியல் வரலாறு

பூட்டோ என்பது பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், லார்கானா வட்டாரத்தைச் சேர்ந்த நிலக்கிழார் குலம் ஒன்றின் பெயர். கடந்த அரை நூற்றாண்டில் அது ஒரு கட்சியின் அடையாளமாகவும், ஆட்சியுரிமை கோரும் முழக்கமாகவும் வளர்ந்துவிட்டது. இன்று அக்கட்சியின் தலைவராக இருப்பவர் பிறந்தபோது பூட்டோ என்று பெயர் பெற்றவர் அல்லர்.

குடும்பத்தில் அரசியலில் முதலில் பேர் எடுத்தவர் சர் ஷா நவாஸ் பூட்டோ. பம்பாய் மாகாணத்திலிருந்து சிந்துவைப் பிரிக்கப் பாடுபட்டார். 1936இல் சிந்து தனி மாகாணமானது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் லார்கானாவிலேயே தோற்றார். அந்நாளில் பூட்டோ என்றால் நிலமும் செல்வாக்கும்தான். கொள்கை என்று எதுவும் அப்பெயரோடு சேர்ந்திருக்கவில்லை.

அதைச் சேர்த்தவர் அவருடைய மகன் சுல்பிகார் அலி பூட்டோ (1928–1979). அதிபர் அயூப் கானிடம் அமைச்சராக இருந்து, தாஷ்கண்ட் உடன்பாட்டுக்குப் பின் விலகிய அவர், 1967 நவம்பர் 30 அன்று லாகூரில் பாகிஸ்தான் மக்கள் கட்சியைத் தொடங்கினார். உணவு, உடை, வீடு என்ற முழக்கத்தை ஒரு பெருநிலக்கிழாரின் மகன் எழுப்பியதை எதிரிகள் ஏளனம் செய்தனர். குத்தகை விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் நம்பினார்கள். 1970 தேர்தலில் மேற்குப் பாகிஸ்தானின் 138 இடங்களில் 81 அவருக்குக் கிடைத்தன. நாடு இரண்டாக உடைந்தபின் 1971 டிசம்பரில் அதிபரானார். 1973 அரசியலமைப்பு அவர் காலத்தில் வந்தது. பலுசிஸ்தானில் இராணுவத்தை ஏவியதும், எதிர்க்கட்சியினரைச் சிறையில் அடைத்ததும் அதே ஆட்சிதான். அவரைத் தேர்தலில் தோற்கும்படி விட்டிருந்தால், இந்த இரண்டு கணக்குகளையும் மக்கள் எடைபோட்டுப் பார்த்திருப்பார்கள். தூக்குமேடை அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டது.

1977 ஜூலையில் ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். கொலைக் குற்றச்சாட்டில் பூட்டோவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. 1979 ஏப்ரல் 4 அதிகாலை, ராவல்பிண்டிச் சிறையில் தூக்கு. மனைவி நுஸ்ரத்தும் மகள் பேநசீரும் சிஹாலாவில் காவலில் இருந்தார்கள். அடக்கத்துக்குப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. உடல் விமானத்தில் சிந்துவுக்குக் கொண்டுபோகப்பட்டு, லார்கானா அருகே கர்ஹி குதா பக்ஷ் ஊரின் குடும்ப இடுகாட்டில், சில உறவினரும் ஊராரும் மட்டும் நிற்க, காவலுக்கு நடுவே புதைக்கப்பட்டது. சந்தடியில்லாமல் முடித்துவிட எண்ணிய அந்த அடக்கம்தான் பெயரை மரபாக்கியது என்று சொல்லலாம். இன்று அங்கே வெள்ளைக் குவிமாடங்களோடு பெரிய சமாதி எழும்பி நிற்கிறது. ஏப்ரல் 4இலும், பேநசீரின் நினைவுநாளான டிசம்பர் 27இலும் அங்கே கூட்டம் திரளும். கட்சித் தலைமை அந்த மேடையில்தான் பேசும்.

அடுத்து எழுந்தது வாரிசுரிமைச் சிக்கல். கணவருக்குப் பின் கட்சியைக் காத்தவர் நுஸ்ரத். வீட்டுக்காவல், சிறை, வெளிநாட்டு வாழ்வு எல்லாம் கண்டு 1986 ஏப்ரலில் லாகூரில் வந்து இறங்கிய பேநசீரைப் பெருங்கூட்டம் வரவேற்றது. 1987இல் ஆசிப் அலி சர்தாரியை மணந்த பிறகும் அவர் பூட்டோவாகவே இருந்தார், 1988இல் பிரதமரானார். சுல்பிகார்–நுஸ்ரத் இணையரின் மூத்த மகன் முர்தஸா 1993இல் நாடு திரும்பியபோது தாய் மகன் பக்கம் சாய்ந்தார். அவ்வாண்டே தாயைக் கட்சித் தலைமையிலிருந்து மகள் விலக்கினார். முர்தஸா தனிக்கட்சி கண்டு, 1996 செப்டம்பர் 20 அன்று கராச்சியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அப்போது பிரதமர் அவருடைய அக்காதான். இக்குடும்ப வரலாற்றில் ஆற முடியாத புண் அது.

2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் பேநசீர் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் நவ்தேரோ வீட்டில் கட்சி கூடியது. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த 19 வயது பிலாவல் சர்தாரி தலைவர் என்று அறிவிக்கப்பட்டார். இனி அவர் பிலாவல் பூட்டோ சர்தாரி என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. ஆண்வழியில் பெயர் இறங்கும் ஒரு சமூகத்தில் மகள் வயிற்றுப் பேரனுக்கு அது வழங்கப்பட்டது. மகன் வயிற்றுப் பேத்தி பாத்திமாவும் பேரன் சுல்பிகாரும் கட்சிக்கு வெளியே நின்றார்கள். எத்தனை பூட்டோவைக் கொல்வீர்கள், வீட்டுக்கொரு பூட்டோ கிளம்புவார் என்று தொண்டர்கள் முழங்கினார்கள். ஆக, பெயரைக் கொடுத்தது இரத்த உறவு மட்டுமல்ல; கட்சி யார் கையில் இருந்ததோ, தியாகத்தின் நினைவை யார் சுமந்தார்களோ அவர்களிடமே அது போய்ச் சேர்ந்தது.

அதன்பின் பெயர் அரசு ஏடுகளிலும் ஏறியது. ஏழைக் குடும்பப் பெண்களுக்குப் பணம் வழங்கும் பேநசீர் வருமான உதவித் திட்டம் 2008இல் தொடங்கியது. அரசுகள் மாறியும் அது தொடர்கிறது. வாக்குச் சீட்டில் நிலைமை வேறு. சிந்துவில் 2008 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் கட்சியே ஆட்சி அமைக்கிறது. அது பிறந்த பஞ்சாபில் 2013க்குப் பின் தலையெடுக்கவில்லை.

அந்தத் தூக்குத் தண்டனை வழக்கு குறித்து 2011இல் அதிபராக இருந்த ஆசிப் அலி சர்தாரி அனுப்பிய வினாவுக்கு 2024 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் விடையளித்தது: சுல்பிகார் அலி பூட்டோவுக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை. மறு ஆண்டு நாட்டின் உயரிய விருதான நிஷான்-இ-பாகிஸ்தான் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர், நான்கு பிள்ளைகளில் உயிரோடிருக்கும் ஒரே மகளும் அரசியலுக்கே வராதவருமான சனம் பூட்டோ.