காட்டுப்பள்ளிக் கரையில் காற்றுக்கசிவு: வணிகக் கட்டடச் சோதனையின் வரலாறும் நம் கடற்கரைக்கான கணக்கும்

பக்கிங்காம் கால்வாய்க்கும் வங்கக் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு காட்டுப்பள்ளி. 2010இல் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2013இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வரை கிடங்குகளும் குளிரூட்டிய அலுவலகங்களும் பெருகியுள்ளன. இவற்றின் இடுக்குகள் வழியே கடற்காற்றின் ஈரமும் உப்பும் உள்ளே வருகின்றன. அனல்மின் நிலையங்களின் சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு காற்று புகுகிறது என்பதை அளக்க முடியும். அந்த அளவுமுறை பனி நாடுகளில் வேறொரு கவலையால் உருவானது. அதை இங்கே கொண்டுவரும்போது முதலில் மாற வேண்டியது அளப்பதற்கான காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெரிய அலுவலகக் கட்டடங்களில் முறையாக அளந்தவர்களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தமுராவும் ஷாவும் முன்னோடிகள். ஒட்டாவாவின் பல மாடிக் கட்டடங்களை ஆராய்ந்து 1976இல் முடிவுகளை வெளியிட்டனர். தனிச் சோதனை விசிறி எதையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. கட்டடத்தின் காற்றூட்ட விசிறிகளையே ஓட்டி உள்ளே அழுத்தத்தை உயர்த்தி, எவ்வளவு காற்று கொடுத்தால் அந்த அழுத்தம் நிலைக்கிறது என்று பார்த்தார்கள். கொடுத்த காற்றும் கசிந்த காற்றும் சமம் என்ற இந்த எளிய கருத்தின் மீதே பின்னர் வந்த முறைகள் எல்லாம் நிற்கின்றன.

அதே காலத்தில், 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், வீடுகள் மீதும் கவனம் திரும்பியது. சுவீடனில் சன்னலில் விசிறி பொருத்தி அளந்தார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹார்ஜே, கௌதம் தத் முதலியோர் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பை ஆராய்ந்தபோது, கண்ணுக்குத் தெரியாத பாதைகளில் வெப்பம் மேற்கூரைப் பரணுக்குத் தப்புவதைக் கண்டனர். வாசலில் பொருத்தி அளக்கும் விசிறி, ‘புளோயர் டோர்’, இந்தச் சூழலில்தான் வடிவம் பெற்றது. வழக்கமான சோதனை அழுத்தம் 50 பாஸ்கல். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமம்.

கான்கிரீட்டும் கண்ணாடியுமான புதிய வணிகக் கட்டடங்கள் காற்றுப்புகாதவை என்ற நம்பிக்கை நெடுநாள் நீடித்தது. அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஆண்ட்ரூ பெர்சிலி 1999இல் அளவீடுகளைத் திரட்டி அது உண்மையன்று என்று காட்டினார். இங்கிலாந்து 2002இல் பெரிய கட்டடங்களுக்கு வரம்பு வைத்தது: 50 பாஸ்கலில் ஒரு சதுர மீட்டர் கட்டட உறைக்கு (வெளிச்சுவர், கூரை, தரை) மணிக்கு 10 கனமீட்டர்.

இந்தியாவுக்கு வாசல் விசிறி வந்த வழி வேறு. ஆற்றல் சேமிப்பை விடத் தீத்தடுப்பே இங்கே அதற்கு இடம் தந்தது. தீயை அணைக்கப் பயன்பட்ட ஹாலோன் வாயு ஓசோனைக் கெடுப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தியது. வாயுவை அறைக்குள் திறந்துவிட்டுச் சோதிக்கும் வழக்கம் அதன் பிறகு ஏற்கத்தக்கதாக இல்லை. கதவில் விசிறி வைத்து, வாயு பத்து நிமிடம் உள்ளே தங்குமா என்று கணக்கிடும் முறை வந்தது. நம் சர்வர் அறைகளில் இன்றும் செய்யப்படும் ‘டோர் ஃபேன் டெஸ்ட்’ அதுவே. ஆக, ஒரு கட்டடத்தில் சர்வர் அறை மட்டும் சோதிக்கப்பட்டு, சுற்றியுள்ள முழுத் தளமும் அளக்கப்படாமல் கிடக்கும் நிலை உருவானது. 2007இல் வந்த ஆற்றல் சேமிப்புக் கட்டட நெறி (ஈ.சி.பி.சி.) சன்னல், கதவுகளின் கசிவுக்கு வரம்பு வைத்தது, இடுக்குகளை அடைக்கவும் சொன்னது. கட்டி முடித்த முழுக் கட்டடத்தையும் அளந்து காட்டும்படி கேட்கவில்லை. 2017 திருத்தமும் கேட்கவில்லை. இது பெரிய குறை என்றே கருதுகிறேன்: ஆய்வகத்தில் தேறிய சன்னலைச் சுவரில் பொருத்தும்போது சுற்றிலும் விடப்படும் இடைவெளியை எந்தச் சான்றிதழும் காட்டாது.

இனி நம் கரைக்கான கணக்கு. வெளியே 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம். உள்ளே 24 டிகிரி, 50 சதவீதம் என்று கொள்வோம். உள்ளே புகும் ஒவ்வொரு கனமீட்டர் காற்றும் சுமார் 15 கிராம் கூடுதல் நீரைக் கொண்டுவருகிறது. மணிக்கு 1,000 கனமீட்டர் கசிந்தால் 15 லிட்டர் நீர். அந்த நீரைப் பிரித்தெடுக்கக் குளிர்சாதனத்துக்குச் சுமார் 10 கிலோவாட் குளிரூட்டும் திறன் வேண்டும். அதே காற்றின் வெப்பத்தைக் குறைக்க இரண்டரை கிலோவாட் போதும். சுமையில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். ஒட்டாவாவின் குளிர்காலக் கவலை வெப்பம் வெளியேறுவது. காட்டுப்பள்ளியின் கவலை நீராவி உள்ளே வருவது. ஆகவே நீராவித் தடுப்புப் படலமும் இங்கே சுவரின் வெளிப்பக்கம் அமைய வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்து உட்பக்கம் ஒட்டினால், ஈரம் சுவருக்குள் சிக்கிப் பூஞ்சை பிடிக்கும்.

தகரக் கொட்டகைக் கிடங்குகள் முழுவதையும் சோதிப்பது வீண். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரமுள்ள கிடங்கின் உறைப்பரப்பு 13,000 சதுர மீட்டர். இங்கிலாந்தின் 2002 வரம்புக்குள் இருந்தாலும் மணிக்கு 1,30,000 கனமீட்டர் காற்று தேவைப்படும். ஒரு வாசல் விசிறி தருவது 9,000 அளவில்தான். கொட்டகைக்குள் அமைந்த குளிர் அறைகளையும் ஏசி அலுவலகங்களையும் முதலில் அளக்கலாம். உள்கூரைப் பலகை பொருத்துவதற்கு முன்பே அளந்தால், ஓட்டையைப் புகைகாட்டிக் கண்டுபிடித்து அன்றே அடைக்கலாம்.

நேரமும் முக்கியம். தரைமட்டத்தில் காற்று நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் அளவீடு நிலைக்காது. பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் இக்கரையில் விடியற்காலையே சோதனைக்கு ஏற்றது.