பெயர்தலும் பெயர்த்தலும்

‘டிஸ்பிளேஸ்’ என்னும் ஆங்கில வினைக்கு ‘இடம்பெயர்’ என்று தமிழில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கில வினை செயப்படுபொருளை வேண்டி நிற்பது. ஒருவர் மற்றொருவரை இருந்த இடத்தினின்று அகற்றுகிறார். ‘இடம்பெயர்ந்தனர்’ என்பதோ தன்வினை. போனவர்கள் தாமே போனார்கள் என்றுதான் அதற்குப் பொருள். பெயர்ந்தனர், பெயர்த்தனர் என்னும் இரண்டுக்கும் இடையே ஓர் ஒற்றெழுத்தே வேறுபாடு. அந்த ஓரெழுத்தில் அகற்றியவர் மறைந்துபோகிறார்.

அறிவியல் ஆசிரியர்கள் இதில் நம்மினும் கவனமானவர்கள். ஒரு பொருளின் நிலைமாற்றத்தை இடப்பெயர்ச்சி என்பார்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு வந்தால், மூழ்கும் பொருள் வெளியேற்றிய நீர் என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மலாயிலும் நம் மாணவர் ‘பெர்பிண்டா’வையும் ‘டிபிண்டாக்கான்’ என்பதையும் மயங்குவதில்லை. வரலாறு எழுதும்போதுதான் இந்த நுட்பத்தைக் கைவிடுகிறோம்.

ஈழத்து வழக்கு இங்கே சிந்திக்கத்தக்கது. 1995 அக்டோபர் இறுதியில் போர் நெருங்கியபோது யாழ்ப்பாண மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு நடந்ததை ‘இடப்பெயர்வு’ என்கிறார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளின் ஆணையால் வடபுல முஸ்லிம்கள் வீடு நீங்கியதை அம்மக்கள் ‘வெளியேற்றம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டினால், ஆணையிட்டவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுவார்.

நம் பினாங்கில் போர் இல்லை. சட்டமும் சந்தையும் இருந்தன. 1948 ஜனவரி 31க்கு முன் எழுந்த கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. 1997இல் அது நீக்கப்பெற்றது; இடைக்காலச் சலுகை 1999 இறுதியோடு முடிந்தது. 2000 ஜனவரி முதல் நாள் தொடங்கி, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தோரும் சிறுதொழில் செய்தோரும் உயர்ந்த வாடகைக்கு ஈடுகொடுக்க இயலாது வெளியேறினர். 2008 ஜூலை 7ஆம் நாள் நகரம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. ஒருவரை அகற்றி அவரிடத்தை மற்றொருவர் கொள்வது என்பது அந்த ஆங்கில வினையின் இன்னொரு பொருள். ‘இடம்பெயர்’ என்பதில் இப்பொருளும் இல்லை. வந்தவர் யாரென்று அச்சொல் கேட்பதேயில்லை. கட்டடம் காக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் செயப்பாட்டுவினையில் தவறாமல் வருகிறது!

கெலுகோர்ப் பகுதியின் கம்போங் புவா பாலாவை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. மாடு வளர்த்துப் பால் விற்ற தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிற்றூர் அது. நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போயிற்று. குடியிருந்தோர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீடு பெற்றவர்களும் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆயினும் அவ்வூரார் பெயர்ந்தவர் அல்லர், பெயர்க்கப்பட்டவர். மாற்று வீடு மனிதருக்கானது. மாட்டுத் தொழுவத்துக்கு மாற்று இல்லாதபோது தொழிலும் உடன் பெயர்க்கப்பட்டது.