பறப்புப் படி: இடருக்கு விலையா, தேர்ச்சிக்கு ஊதியமா?

இந்திய முப்படைகளில் வானில் பறந்து பணிபுரிவோர் பெறும் கூடுதல் தொகையை, நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு ஓர் அட்டவணையின் கட்டத்துக்குள் வைத்தது. 2015 நவம்பர் 19-இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, இடரை மூன்று படிநிலையாகவும் இன்னலை மூன்று படிநிலையாகவும் பிரித்து ஒன்பது கட்டங்களை வரைந்தது. இடரும் இன்னலும் மிகுந்த கட்டத்தில் பறப்புப் படி அமர்ந்தது. பறப்பவருக்குத் தரப்படும் மிகைத்தொகை அவர் ஏற்கும் இடருக்கான ஈடு என்பதே இந்த வைப்புமுறையின் பொருள். இந்த வாசிப்பு வரலாற்றோடு பொருந்தவில்லை. பறப்புப் படியின் தொடக்கச் சட்டங்களில் இடரும் தேர்ச்சியும் இரண்டு தனி இழைகளாக இருந்தன. குழு அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டது.

குழு செய்த நன்மையை முதலில் சொல்வது முறை. அதன் முன் வந்த படிகள் 196. ஒவ்வொரு படைப்பிரிவும் தன் பணியே கடினம் என்று தனித்தனியே வாதாடிப் பெற்ற தொகைகள் அவற்றுள் பல. அவற்றில் 52 படிகளை நீக்கவும் 36 படிகளைப் பிறவற்றோடு இணைக்கவும் குழு பரிந்துரைத்தது. சியாச்சின் பனிமலைக்கென்று ஒன்பது கட்டங்களுக்கும் மேலே தனிக் கட்டம் வைத்தது. 2017 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தபோது அதன் தொகை அதிகாரிகளுக்கு 42,500 ரூபாய், மற்ற நிலையினருக்கு 30,000 ரூபாய். பறப்புப் படி அதிகாரிகளுக்கு 25,000 ரூபாய் என்று ஒரே தொகையானது. இளம் விமானிக்கும் மூத்த விமானிக்கும் வானம் ஒன்றே என்ற நியாயம் இதில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஒரு கட்டம், இரண்டு எண்கள்

ஆனால் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டு எண்கள் இருக்கின்றன. 2017-இல் ஊதிய நிலை 9-உம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 25,000. நிலை 8-உம் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு 17,300. இது நடைமுறையில் என்ன என்பதைத் தமிழ்நாட்டு எல்லையோரக் கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் வாழும் நாம் ஏட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் கிழக்கே இருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் பயணித்த 14 பேரும் உயிரிழந்தனர். விமானிகள் இருவரும் அதிகாரிகள். பறப்புக் குழுவில் இருந்த மற்ற இருவரும் ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள். அவர்களில் ஒருவரான ஏ. பிரதீப் திருச்சூர் மாவட்டத்துக்காரர். அவருடைய உடல் சூலூரிலிருந்து வாளையாறு வழியாக, நம் மாவட்டத்துச் சாலையில்தான் ஊர் போய்ச் சேர்ந்தது.

படி இடருக்கான விலை என்றால், ஒரே மேகத்துக்குள் ஒரே ஹெலிகாப்டரில் நுழைந்த நால்வருக்கு அது எப்படி இருவேறு விலையாகும்? ஊதியம் எவ்வளவோ அந்த விகிதத்தில் படியும் அமைகிறது என்று குழுவின் பக்கம் நின்று ஒருவர் விடை சொல்லலாம். அதிகாரிகளுக்குள் அந்த விகிதம் பின்பற்றப்படவில்லையே! பத்தாண்டு மூப்பு வேறுபாடு இருந்தும் அவர்களுக்கு ஒரே தொகை. ஆகவே ஒரே கட்டத்துக்குள் சமத்துவக் கொள்கையும் தகுதிநிலைக் கொள்கையும் மோதிக்கொள்கின்றன. இடர் என்ற ஒற்றைச் சொல்லால் இந்த மோதலை விளக்க முடியாது.

சோதனை விமானிகளின் படி இன்னும் தெளிவான சான்று. பெங்களூருவில் அதற்கென உள்ள தனிப்பள்ளியில் பயின்று, புது விமானத்தின் இயல்புகளை அளந்து சொல்லும் தேர்ச்சி பெற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய ஊக்கத்தொகையும் இதே இடர்–இன்னல் அட்டவணைக்குள்தான் வந்தது. தரையில் பணிபுரியும் பொறியியல் அதிகாரிக்கோ அவருடைய படிப்புக்காகத் தொழில்நுட்பப் படி தனியே உண்டு. தரையில் அறிவு என்று மதிக்கப்படுவது வானேறியதும் ஆபத்து என்று பெயர் மாறிவிடுகிறது.

1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் 'அல்லது'

பறப்புக்கான மிகை ஊதியத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வகுத்த சட்டங்களுள் இரண்டு அமெரிக்காவில் பிறந்தன. 1913 மார்ச் 2-ஆம் நாள் சட்டம், விமானப் பணிக்கு அனுப்பப்பட்ட தரைப்படை அதிகாரிகளுக்கு 35 விழுக்காடு கூட்டிக் கொடுத்தது. உண்மையில் விமானம் ஓட்டுபவர்களுக்கு மட்டுமே அந்தத் தொகை; முப்பது பேருக்கு மேல் அந்தப் பணியில் கூடாது. இதை மட்டும் படிப்பவர் குழுவின் வாசிப்பே சரி என்று கருத இடமுண்டு.

அடுத்த ஆண்டு, 1914 ஜூலை 18-இல், சட்டம் வேறு முகம் காட்டியது. பறக்கப் பயிலும் அதிகாரிக்கு 25 விழுக்காடு, இளநிலை விமானிச் சான்று பெற்றவருக்கு 50, முழுநிலை விமானிக்கு 75. பயில்பவரே அதிக ஆபத்தில் இருப்பவர் என்பதை அந்நாளில் எவரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் அவருக்கே மிகக் குறைந்த தொகை. இளநிலையில் மூன்றாண்டு செவ்வனே பணியாற்றியவரே முழுநிலைக்கு உயரலாம். ஆபத்து குறையக் குறையத் தொகை ஏறியது. இந்த ஏணி தேர்ச்சிக்காகவே போடப்பட்டது.

அதே சட்டத்தில் சாதாரண வீரர்களைப் பற்றிய தொடரே என் வாதத்துக்கு முதுகெலும்பு. ஒழுங்காகவும் அடிக்கடியும் பறக்க வேண்டிய பணியில் இருக்கும்போது, அல்லது விமான இயந்திர வல்லுநர் என்ற தகுதிச் சான்று வைத்திருக்கும்போது, வீரருக்கு 50 விழுக்காடு மிகை உண்டு என்கிறது அது. அந்த 'அல்லது' சிறிய சொல்தான். ஆனாலும் பறத்தல் ஒரு காரணம், தேர்ச்சி மற்றொரு காரணம் என்று சட்டமே பிரித்துச் சொல்லிவிட்டது. அந்த வீரருக்கான 50 விழுக்காடும் இளநிலை விமானி அதிகாரிக்கான 50 விழுக்காடும் ஒரே விகிதம் என்பதையும் கவனிக்க வேண்டும். விமான விபத்தில் இறந்தவரின் மனைவிக்கு ஓராண்டு ஊதியம் தரும் ஏற்பாடும் இதே சட்டத்தில் தனியாக இருக்கிறது. உயிரிழப்புக்கான ஈட்டை மாதச் சம்பளத்தோடு கலக்காமல் வேறாக வைத்தவர்களுக்கு, மிகை ஊதியம் இடரின் விலை மட்டுமாக இருந்திருக்க முடியாது.

சான்று பெற்ற அதிகாரியும் அடிக்கடி பறக்கும் பணியில் இருந்தால்தான் தொகை பெற்றார் என்பது என் வாதத்துக்கு எதிராக நிற்கும் உண்மை. இடர் இழை அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றே இழையாக இல்லை என்பதே என் கருத்து.

1948-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹூக் தலைமையிலான குழு, இத்தகைய தொகை இழப்பீடு அன்று, ஆளை அந்தப் பணிக்கு ஈர்த்து அதில் நிலைக்கவைக்கும் ஊக்கம் என்று முடிவு செய்தது. அதையொட்டி வந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கர்னலுக்கு மாதம் 210 டாலர், அவருக்கு மேலான ஜெனரலுக்கு 150 டாலர். 1974-இல் இத்தொகை பறப்புப் பணியாண்டுகளைப் பொறுத்ததாக மாறியது. ஹூக்கின் வாசிப்பு மாத்தூர் குழுவின் வாசிப்பைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அது சந்தையின் மொழி. தேர்ச்சிக்கு உரிய மதிப்பை அதுவும் முழுதாகச் சொல்லவில்லை.

படியும் பேட்டாவும்

நம் நாட்டிலோ, கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படைகளின் 'பட்டா' என்ற படி, களத்தில் இருப்போரின் செலவுக்காக வந்தது. வங்கத்தில் வழக்கமாகிவிட்ட இரட்டைப் படியை கிளைவ் 1766-இல் நிறுத்தியபோது அதிகாரிகள் கூட்டாகப் பதவி விலகத் துணிந்தார்கள். 1828-இல் பெண்டிங்க் காலத்து அரைப்படி ஆணையும் அப்படியே கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்தச் சொல் நம் ஊரில் இன்றும் 'பேட்டா' என்று உயிரோடிருக்கிறது. வேலந்தாவளம் வழியாக லாரி ஓட்டிப் போகிறவர் சம்பளம் வேறு, பேட்டா வேறு என்பதில் தெளிவாக இருக்கிறார். வழிச்செலவுக்கும் உறக்கம் கெடுவதற்கும் பேட்டா. ஓட்டத் தெரிந்ததற்குச் சம்பளம். அந்த லாரிக்காரருக்குத் தெரிந்த வேறுபாடு ஊதியக் குழுவின் அட்டவணையில் காணாமற்போயிற்று.

பறப்புப் படியில் அதிகாரிக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்ற அந்த இரட்டை எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. ஓர் ஊகம் உண்டு. 1932 அக்டோபர் 8-இல் உருவான இந்திய விமானப்படை, 1933 ஏப்ரலில் கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு இயங்கத் தொடங்கியது. அதிகாரிகள் பறக்க, 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்டவர்கள் விமானத்தைப் பேணினார்கள். பறப்பது அதிகாரியின் வேலை என்ற அந்தப் பிறப்புக்காலப் பிரிவினை பிற்காலத் தொகைகளில் எதிரொலித்திருக்கலாம். நேரடியான ஆவணச் சான்று இல்லாமல் இதற்கு மேல் இதை நான் அழுத்த மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. இரண்டு இழைகளையும் மீண்டும் பிரித்தால் முரண் தீரும். இடருக்கான பகுதி, விமானத்தில் ஏறிய பறப்புக் குழுவினர் அனைவருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். தேர்ச்சிக்கான பகுதி, பெற்ற சான்றையும் பறந்த ஆண்டுகளையும் பொறுத்து, அதிகாரி என்றும் வீரர் என்றும் பாராமல் உயரட்டும். விமானியின் கையும், பீரங்கி இயக்குபவரின் கண்ணும், பொறியாளரின் காதும் பயின்று பெற்ற அறிவுகள். 1914-இல் ஒரு சட்டம் 'அல்லது' என்று எழுதி ஒப்புக்கொண்டதை, வாளையாறு வழியாக ஓர் உடல் ஊர் திரும்பிய பிறகும் நாம் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நியாயமன்று.