சீதன வீடும் முதியோர் இல்லமும்

பெத்த தாயை முதியோர் இல்லத்தில விட்டிட்டினம் எண்டு ஊரில ஒரு கதை வந்தால், அதைப் பாவக் கணக்காகத்தான் நாங்கள் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு சொத்து வரலாறும் இருக்கிறது.

1707இல், ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரித்தது. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போனபோது, வயதான பெற்றோர் பல குடும்பங்களில் அவளோடயே இருந்தார்கள். கஞ்சி காய்ச்சியது, குளிக்க வார்த்தது, இரவில் கண்முழித்தது எல்லாம் பெண்கள்தான். அந்த வேலைக்குக் கூலி இருக்கவில்லை.

1983க்குப் பிறகு போரும் புலம்பெயர்வும் இந்த ஒழுங்கை உடைத்தன. இப்ப வீடு நிக்குது, வெளிநாட்டுக் காசும் வருது. கைபிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போகத்தான் ஆளில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றது. கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்டு முதியவர் முறையிடலாம். ஆனால் ஒரு கட்டளை யாரையும் குளிப்பாட்டாது.

கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. பிள்ளையா, இல்லமா எண்டு மட்டும் கதைத்துக்கொண்டிராமல், பயிற்சி பெற்ற வீட்டுப் பராமரிப்பாளர்களையும் பகல்நேர நிலையங்களையும் நாங்கள் அரசிடம் கேட்க வேண்டும். இல்லாட்டி அந்தப் பாரம் திரும்பவும் ஊரில மிஞ்சியிருக்கிற ஏதோ ஒரு மகளின் தலையிலதான் விழும்.