பெருந்திரையும் ஓடிடியும்: பிரம்மாண்டப் படங்களின் வசூல் வரலாறு

வழக்கமான அரங்கைவிடப் பெரிய திரை, கூடுதல் ஒளி, வலுவான ஒலி, உயர்ந்த கட்டணம் ஆகியவற்றோடு படம் காட்டும் அரங்குகளைப் பிரீமியம் திரைகள் என்கிறார்கள். ஐமாக்ஸ், டால்பி சினிமா, ஃபோர்டிஎக்ஸ், ஸ்க்ரீன்எக்ஸ், இந்தியாவின் எபிக் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. 2007இல் நெட்ஃப்ளிக்ஸ் இணையம் வழியே படம் காட்டும் ஓடிடி சேவையைத் தொடங்கிய பிறகு, வீட்டுத் திரையும் இந்தப் பெருந்திரையும் சேர்ந்து ஹாலிவுட் பெரும்படங்களின் வசூல் கணக்கை மாற்றிவிட்டன. ஓடிடி வந்தால் தியேட்டர்கள் மூடப்படும் என்று பலரும் சொன்னார்கள். பெரும்படங்களோ முன்பைவிட வேகமாகப் பெருந்திரைகளை நோக்கி ஓடின. தியேட்டரை இழந்தவை நடுத்தரப் படங்கள். ஒரு பெரும்படம் எத்தனை நாள் தியேட்டரில் மட்டும் இருந்தது, அந்த நாட்களில் நல்ல திரைகள் யார் கையில் இருந்தன என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்க்காமல் அதன் வசூலைப் புரிந்துகொள்ள முடியாது.

ஐமாக்ஸின் தொடக்கம்

1967 மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் பல புரொஜக்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் பல திரைகளில் படம் காட்டிய அரங்குகளுக்குப் பெருங்கூட்டம் வந்தது. அவற்றுக்காகப் படமெடுத்த கனடிய இயக்குநர்கள் கிரேம் ஃபெர்குசனும் ரோமன் குரோய்ட்டரும், அத்தனை புரொஜக்டர்களையும் இசைவாக ஓட்டும் தொல்லையை அறிந்தவர்கள். சக்திவாய்ந்த ஒரே புரொஜக்டரும் மிகப் பெரிய ஒரே திரையும் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ராபர்ட் கெர், பொறியாளர் வில்லியம் ஷா ஆகியோரையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் தொடங்கிய நிறுவனமே ஐமாக்ஸ்.

அவர்கள் 70 மி.மீ. படச்சுருளைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு சட்டகமும் சுருளின் ஓரத்தில் 15 துளை அளவுக்கு நீண்டது. வழக்கமான 35 மி.மீ. சட்டகத்தைவிட அதன் பரப்பு ஒன்பது மடங்குக்கும் மேல். படச்சுருள் நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சாதாரணப் புரொஜக்டரின் பற்சக்கரம் அந்த வேகத்தில் இழுத்தால் சுருள் கிழிந்துவிடும். ஆஸ்திரேலியரான ரான் ஜோன்ஸ் கண்டுபிடித்திருந்த முறை, சுருளை அலைபோல மடித்து நகர்த்திச் சட்டகத்தை அதிர்வின்றி நிறுத்தியது. அதன் காப்புரிமையை வாங்கியதால்தான் ஐமாக்ஸ் நடைமுறைக்கு வந்தது. முதல் படம் ‘டைகர் சைல்ட்’ 1970 ஒசாகா கண்காட்சியில் ஓடியது. 1971இல் டொரான்டோவில் சினிஸ்பியர் என்ற முதல் நிரந்தர அரங்கு திறக்கப்பட்டது.

அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஐமாக்ஸ் அருங்காட்சியகங்களிலும் அறிவியல் மையங்களிலும்தான் வாழ்ந்தது. வாஷிங்டனில் உள்ள வான்வெளி அருங்காட்சியகத்தில் 1976 முதல் ஓடிய ‘டு ஃப்ளை!’ அந்தக் காலத்தின் அடையாளம். அரை மணி, முக்கால் மணி நேர ஆவணப்படம், பள்ளிக் குழந்தைகளின் சுற்றுலா என்று அதன் உலகம் சிறியது. வசூல் பட்டியல்களில் அதற்கு இடமே இல்லை.

மல்டிபிளெக்ஸுக்குள் நுழைந்த விதம்

1994இல் ரிச்சர்ட் கெல்ஃபாண்டும் பிராட்லி வெக்ஸ்லரும் நிறுவனத்தை வாங்கினார்கள். 35 மி.மீ.இல் எடுத்த படத்தைச் சீராக்கி ஐமாக்ஸுக்கு மாற்றும் முறை 2002இல் ‘அப்போலோ 13’ மறுவெளியீட்டோடு வந்தது. 2003இல் ‘தி மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்’ மற்ற தியேட்டர்களில் வெளியான அதே நாளில் ஐமாக்ஸிலும் வெளியானது. அடுத்த ஆண்டு ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ முப்பரிமாணத்தில் ஓடியபோது, மிகச் சில அரங்குகள் ஒரு படத்தின் மொத்த வசூலில் எவ்வளவு பெரிய பங்கைத் தர முடியும் என்பதை ஸ்டூடியோக்கள் கண்டுகொண்டன.

அசலான திருப்பம் 2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஏஎம்சி நிறுவனத்தோடு 100 திரைகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம். கருவியின் செலவை ஐமாக்ஸ் ஏற்கும், வசூலில் பங்கு பெறும் என்பது ஏற்பாடு. டிஜிட்டல் புரொஜக்டர் வந்ததால் படச்சுருள் செலவும் போனது. ஏற்கெனவே இருந்த மல்டிபிளெக்ஸ் அரங்குகளில் திரையைக் கொஞ்சம் பெரிதாக்கி ஐமாக்ஸ் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பழைய ஐந்தாறு மாடி உயரத் திரையை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து குறைசொன்னார்கள். அந்தக் குறை நியாயமானதே. எனினும் இந்தச் சிறிய ஐமாக்ஸ்கள்தான் எண்ணிக்கையைத் தந்தன. எண்ணிக்கை வந்த பிறகே ஸ்டூடியோக்கள் இதை நம்பித் திட்டமிட்டன.

2008இல் கிறிஸ்டோபர் நோலன் ‘தி டார்க் நைட்’ படத்தின் சுமார் 28 நிமிடங்களை ஐமாக்ஸ் கேமராவில் எடுத்தார். 2009 டிசம்பரில் வந்த ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’ ஐமாக்ஸில் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. டால்பி தன் பெயரில் 2014இல் அரங்குகளைத் தொடங்கியது. கொரிய நிறுவனமான சிஜே ஃபோர்டிஎக்ஸ் என்ற ஆடும் இருக்கைகளையும் ஸ்க்ரீன்எக்ஸ் என்ற மூன்று பக்கத் திரையையும் உலகெங்கும் விற்றது. பெரிய திரையரங்கு நிறுவனங்கள் சொந்தப் பெயரில் பெருந்திரை கட்டின.

வீட்டுத் திரையின் நெருக்கடி

படம் தியேட்டருக்கு வந்த நாளுக்கும் வீட்டுக்கு வரும் நாளுக்கும் இடையிலான காலம் வீடியோ கேசட் காலத்தில் சுமார் ஆறு மாதமாக இருந்து, பிறகு மூன்று மாதத்துக்குச் சுருங்கியது. அதற்கும் கீழே இறக்க ஸ்டூடியோக்கள் முயன்றபோதெல்லாம் தியேட்டர்காரர்கள் தடுத்தார்கள். 2011இல் யுனிவர்சல் ‘டவர் ஹைஸ்ட்’ படத்தை மூன்றே வாரத்தில் 60 டாலருக்கு வீட்டுக்கு விற்க நினைத்தது. படத்தையே திரையிட மாட்டோம் என்ற மிரட்டல் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

2014இல் ஐமாக்ஸே ஒரு சோதனையில் இறங்கியது. ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தின் இரண்டாம் பாகத்தை நெட்ஃப்ளிக்ஸோடு ஒரே நாளில் தன் திரைகளில் வெளியிடப்போவதாக அறிவித்தது. பெயர் ஐமாக்ஸுடையதாக இருந்தாலும் அரங்கு மல்டிபிளெக்ஸ் முதலாளியுடையது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஐமாக்ஸ் திரைகளில் அதைப் போட மறுத்துவிட்டன. 2018இல் நெட்ஃப்ளிக்ஸின் ‘ரோமா’வுக்கும் 2019இல் ‘தி ஐரிஷ்மேன்’ படத்துக்கும் அதே கதவு மூடப்பட்டது.

கொரோனா அந்தக் கதவை உடைத்தது. 2020 ஏப்ரலில் யுனிவர்சல் ‘ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்’ படத்தை நேரே வீட்டு வாடகைக்கு விட்டது. கோபமடைந்த ஏஎம்சி யுனிவர்சல் படங்களைத் திரையிட மாட்டோம் என்றது. ஆனால் ஜூலையிலேயே 17 நாள் இடைவெளிக்கு ஒப்புக்கொண்டது. அமெரிக்கத் தியேட்டர் வசூல் 2019இல் 1,100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2020இல் சுமார் 200 கோடிக்கு வீழ்ந்தது. டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் தன் 2021ஆம் ஆண்டுப் படங்கள் அனைத்தும் அமெரிக்காவில் அதே நாளில் தன் ஓடிடியான எச்பிஓ மேக்ஸிலும் வரும் என அறிவித்தது. நோலன் வெளிப்படையாகக் கண்டித்தார். ‘டியூன்’ இயக்குநர் டெனி வில்நெவ் கண்டனக் கட்டுரை எழுதினார். 2021 ஜூலையில் டிஸ்னி ‘பிளாக் விடோ’வைத் தியேட்டரிலும் ஓடிடியிலும் ஒன்றாக வெளியிட, தியேட்டர் வசூலோடு இணைந்த தன் சம்பளம் பாதிக்கப்பட்டதாக அதன் நாயகி ஸ்கார்லெட் ஜொஹான்சன் வழக்குத் தொடுத்தார். சுமார் இரண்டு மாதங்களில் சமரசம் ஏற்பட்டது.

இந்தக் காலத்தின் பாடத்தை ‘டியூன்’ படத்தின் இரண்டு பாகங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. இயக்குநரும் கதையுலகமும் ஒன்றுதான். முதல் பாகம் 2021 அக்டோபரில் ஓடிடியோடு சேர்ந்து வந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் சுமார் 4 கோடி டாலர், உலக வசூல் சுமார் 40 கோடி. 2024 மார்ச்சில் தியேட்டரில் மட்டும் வந்த இரண்டாம் பாகம் முதல் வார இறுதியில் 8 கோடிக்கு மேலும், உலக அளவில் 70 கோடிக்கு மேலும் ஈட்டியது. தொற்று குறைந்ததும், முதல் பாகத்தை வீட்டில் பார்த்துப் புதிய ரசிகர்கள் சேர்ந்ததும் இந்த உயர்வுக்குக் காரணங்களே. ஆகவே ஓடிடி இங்கே வசூலைத் தின்றது, அடுத்த பாகத்துக்குக் கூட்டத்தையும் சேர்த்தது என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

‘டாப் கன்: மேவரிக்’ எதிர்வழியில் போனது. பாரமவுண்ட் அதை இரண்டு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்து 2022 மே மாதம் வெளியிட்டது. சந்தா ஓடிடிக்கு டிசம்பரில்தான் வந்தது. உலக வசூல் 140 கோடி டாலரைத் தாண்டியது. ஐமாக்ஸ் பங்கு மட்டும் 10 கோடிக்கு மேல்.

ஓப்பன்ஹைமரும் திரைப் பஞ்சமும்

வார்னரை விட்டு யுனிவர்சலுக்கு வந்த நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ 2023 ஜூலை 21 அன்று வெளியானது. ஐமாக்ஸ் 70 மி.மீ. படச்சுருளில் அதைக் காட்ட உலகில் முப்பது அரங்குகளே தயாராக இருந்தன. மூன்று மணி நேரப் பிரதி ஒன்றின் நீளம் சுமார் 17 கிலோமீட்டர், எடை 270 கிலோ. அதைச் சுமக்கும் தட்டுகளை விரிவாக்க வேண்டியிருந்தது. சுருளைக் கையாளும் இயந்திரத்தை இயக்கிய பழைய பாம் பைலட் கைக்கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை ஒரு டேப்லெட்டில் ஏற்றிப் பல இடங்களில் ஓட்டினார்கள். ஆபரேட்டர் அறையில் சுருள் கோக்கத் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. படம் 95 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. உலகத் திரைகளில் நூற்றில் ஒன்றுகூட இல்லாத ஐமாக்ஸ் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. இயற்பியலாளர் ஒருவரின் வாழ்க்கையை, பெரும்பகுதி பேச்சாக ஓடும் மூன்று மணி நேரப் படத்தை, மக்கள் ஊர்விட்டு ஊர் போய்ப் பார்த்தார்கள் என்பதை இந்த வரலாற்றின் மிக மகிழ்ச்சியான செய்தியாகச் சொல்லத் தயக்கமில்லை.

அதே வெற்றி இன்னொரு படத்தை முடக்கியது. ஐமாக்ஸ் திரைகள் மூன்று வாரம் ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்கே என்பது முன்கூட்டிய ஏற்பாடு. ஜூலை 12 அன்று வந்த டாம் குரூஸின் ‘மிஷன் இம்பாசிபிள்: டெட் ரெக்கனிங்’ ஒன்பதே நாளில் அந்தத் திரைகளை இழந்தது. உலக அளவில் சுமார் 57 கோடி டாலர் வந்தாலும் தயாரிப்புச் செலவுக்கு அது போதவில்லை. ‘பார்பி’ படம் ஐமாக்ஸ் இல்லாமலேயே அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது என்பதையும் மறக்கக் கூடாது: எல்லாக் கதைக்கும் பெருந்திரை தேவைப்படவில்லை. உலகில் சுமார் 1,800 ஐமாக்ஸ் அரங்குகளே இருப்பதால், இன்று ஸ்டூடியோக்கள் வெளியீட்டுத் தேதியைக் குறிப்பதற்கு முன் அந்தத் திரைகள் காலியா என்று கேட்கின்றன. முழுக்க ஐமாக்ஸ் படச்சுருள் கேமராவில் எடுக்கப்பட்ட நோலனின் ‘தி ஒடிஸி’க்குச் சில 70 மி.மீ. அரங்குகளில் 2025 ஜூலையில், அதாவது ஓராண்டு முன்பே, டிக்கெட் விற்றார்கள்.

ஓடிடி நிறுவனங்களும் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. ஆப்பிள் தயாரித்த ‘எஃப்1’ 2025 ஜூனில் வார்னர் வழியாகத் தியேட்டருக்கு வந்து 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதே ஆண்டு ஜனவரியில், இயக்குநர் கிரெட்டா கெர்விக்கின் நார்னியா படத்தை முதலில் ஐமாக்ஸில் வெளியிடுவதாக நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது.

இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. குடும்ப நாடகம், காதல் நகைச்சுவை, நீதிமன்றக் கதை ஆகியவற்றுக்கு முன்பு தியேட்டரில் இடம் இருந்தது. இப்போது அவற்றின் பார்வையாளர் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார். பிக்ஸார் மூன்று படங்களைத் தொடர்ந்து ஓடிடிக்கு அனுப்பிய பிறகு 2022இல் ‘லைட்இயர்’ தியேட்டரில் சறுக்கியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். உயர்ந்த கட்டணம் வசூல் எண்ணைத் தூக்கி நிறுத்துகிறது. விற்ற டிக்கெட் எண்ணிக்கையோ அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டின் உச்சத்தை அதன் பின் தொடவே இல்லை.

இந்தியாவிலும் தமிழிலும்

2013இல் ‘தூம் 3’ ஐமாக்ஸில் வந்த முதல் இந்தியப் படமானது. தமிழில் அந்த இடம் 2022 செப்டம்பரில் வந்த ‘பொன்னியின் செல்வன் 1’ படத்துக்கு. சென்னையைச் சேர்ந்த க்யூப் நிறுவனம் எபிக் என்ற பெருந்திரை முறையை உருவாக்கியது. அதன் முதல் அரங்கு 2019இல் தமிழக எல்லையை அடுத்த ஆந்திரத்தின் சூளூர்பேட்டையில் திறக்கப்பட்டபோது சென்னை ரசிகர்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசின் உச்சவரம்பு உண்டு. அதனால் அமெரிக்காவில் பெருந்திரை தரும் கூடுதல் வசூல் இங்கே அதே அளவில் கிடைப்பதில்லை. இவ்வகை அரங்குகளுக்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டு வந்துள்ளனர். மாணவரும் தினக்கூலி வாங்குபவரும் முதல் வாரமே படம் பார்க்க முடிவது இந்த வரம்பால்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுத் திரையோடு மோதல் தமிழில் முன்பே தொடங்கியது. 2013இல் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்பாக டிடிஎச்சில் காட்ட முனைந்து, தியேட்டர்காரர்களின் எதிர்ப்பால் பின்வாங்கினார். 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரே அமேசான் ப்ரைமுக்குப் போனது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ம் அப்படியே வந்தது. 2021 பொங்கலுக்கு, பாதி இருக்கைகளுக்கே அனுமதி இருந்த நிலையில், ‘மாஸ்டர்’ தியேட்டருக்குக் கூட்டத்தைத் திரும்ப அழைத்து வந்தது. பதினாறு நாள் கழித்து ஓடிடியிலும் வந்துவிட்டது.

பிறகு தமிழ்ப் படங்களுக்கு ஓடிடிக்கு முன் நான்கு வார இடைவெளி என்பது வழக்கமானது. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் கேட்கும் தேசிய மல்டிபிளெக்ஸ்கள் 2023இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பை வாங்கவில்லை, வடமாநிலங்களில் அது தனித் திரையரங்குகளை நம்ப வேண்டியதாயிற்று. 2025 ஜூன் 5 அன்று ‘தக் லைஃப்’ எட்டு வார உறுதியோடு வெளியானது. கூட்டம் வரவில்லை, ஜூலை 3 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வந்துவிட்டது. ஆகஸ்ட் 14 அன்று வந்த ‘கூலி’ செப்டம்பர் 11 அன்று, நான்காவது வாரம் முடிந்த கையோடு, ப்ரைமுக்குப் போனது.