ஒரு படகு, ரெண்டு பேட்டரி: ஒரு சின்ன சுவிட்சுக்குப் பின்னால இருக்கிற நூறு வருஷக் கதை



கார்ல பேட்டரி செத்துப்போச்சுன்னா என்ன பண்ணுவோம்? இறங்கி, பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவோம். இல்லைன்னா மெக்கானிக்குக்கு போன் போடுவோம். அதே விஷயம் கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு சின்ன மோட்டார் படகுல நடந்தா? தள்ள ஆள் இல்லை. இறங்க ரோடும் இல்லை.

அமெரிக்காவுல வார இறுதியில ஏரிக்கும் கடலுக்கும் போற உல்லாசப் படகுகள்ல நிறைய படகுகள் ரெண்டு பேட்டரியோட வர்றதுக்கு இந்தப் பயம்தான் காரணம். ஒண்ணு என்ஜினை ஸ்டார்ட் பண்ண. இன்னொண்ணு பாட்டு, லைட், ஃப்ரிட்ஜ் மாதிரி மத்த எல்லாத்துக்கும். கேக்க ரொம்ப சுலபம். ஆனா இந்த ரெண்டையும் எப்படிப் பிரிச்சு வைக்கிறது, எப்படிச் சேர்த்துச் சார்ஜ் பண்றதுங்கிற கேள்விக்குப் பின்னால நூறு வருஷ வரலாறு இருக்கு.

1909: இருட்டுல ஒரு பேட்டரி

1909 ஜனவரி 23. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நான்டகெட் தீவுக்கு அப்பால் கடும் மூடுபனி. 'ரிபப்ளிக்' என்ற பயணிகள் கப்பலின் பக்கவாட்டில் 'ஃபுளோரிடா' என்ற கப்பல் வந்து மோதியது. என்ஜின் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. டைனமோ நின்றது, கப்பல் முழுக்க மின்சாரம் போனது. மின்சாரம் இல்லை என்றால் வயர்லெஸ்ஸும் இல்லை.

ஆனால் வயர்லெஸ் ஆபரேட்டர் ஜாக் பின்ஸிடம் அவசரத்துக்கென்று தனி சேமிப்பு பேட்டரி இருந்தது. அதை வைத்து அவர் 'சி.க்யூ.டி.' என்ற அபாயச் செய்தியை அனுப்பினார். வழக்கமான சக்தி இல்லை, சிக்னல் பலவீனம்தான். ஆனாலும் நான்டகெட்டில் இருந்த கரை நிலையம் அதைக் கேட்டு மற்ற கப்பல்களுக்குச் சொன்னது. பனிமூட்டத்தில் பல மணி நேரம் தேடி 'பால்டிக்' என்ற கப்பல் வந்து சேர்ந்தது. மோதலில் சிலர் இறந்துபோனார்கள். ஆனால் ரெண்டு கப்பல்களிலும் இருந்த சுமார் 1,500 பேர் உயிர் தப்பினார்கள்.

அடுத்து 1912-ல் டைட்டானிக் மூழ்கியது. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்கா தன் கப்பல் வயர்லெஸ் சட்டத்தைத் திருத்தியது. அதில் ஒரு நிபந்தனை: வயர்லெஸ்ஸுக்கு, கப்பலின் முக்கிய மின் அமைப்போடு சம்பந்தப்படாத துணை மின்சாரம் இருக்கணும். அது குறைந்தது 4 மணி நேரம் தாங்கணும்.

'சம்பந்தப்படாத' அப்படிங்கிற வார்த்தையைக் கவனிங்க. பேட்டரி கூடுதலா இருந்தா மட்டும் போதாது. ஒண்ணு போகும்போது இன்னொண்ணையும் சேர்த்து இழுத்துட்டுப் போகக் கூடாது. இன்னைக்கு ஒரு சின்னப் படகுல நடக்கிற விவாதமும் இதேதான்.

ஒரே பேட்டரிக்கு ரெண்டு வேலை

அதே 1909-ல், மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்கத் தொடங்கினார். படகின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன மோட்டார். கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அதற்கு ஸ்டார்ட்டர் பேட்டரியே தேவைப்படவில்லை.

மாற்றம் கார் பக்கமிருந்து வந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் கார்களில் வந்தது. ஸ்டார்ட் பண்ணுவது, தீப்பொறி தருவது, விளக்கு எரிப்பது எல்லாம் ஒரே பேட்டரி. காருக்கு அது அருமையான ஏற்பாடு, ஏன்னா காருல என்ஜின் ஓடும்போதுதான் பெரும்பாலும் மின்சாரம் செலவாகுது.

படகில் கதை தலைகீழ். நங்கூரம் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, மீன் பிடிப்பார்கள், குளிப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். மின்சாரம் அதிகம் செலவாகிற நேரமும் சார்ஜ் ஏறாத நேரமும் ஒன்றுதான். 1934-ல் மின்கோட்டா நிறுவனம் மின்சாரத்தில் ஓடும் சின்ன ட்ரோலிங் மோட்டாரைக் கொண்டுவந்தது. 1950-களின் கடைசியில் லோரன்ஸ் நிறுவனத்தின் மீன் தேடும் சோனார் பெட்டி வந்தது. அப்புறம் ரேடியோ, ஃப்ரிட்ஜ், ஸ்பீக்கர் என்று பட்டியல் நீண்டது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் இழுக்குது, 6 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க. 48 ஆம்பியர்-அவர் போச்சு. 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில கிட்டத்தட்ட பாதி காலி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா அதோட ஆயுள் வேகமா குறையும்.

அதனாலதான் பேட்டரியே ரெண்டு ஜாதி. ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள்ளே மெல்லிசான தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமன். நிதானமா, மணிக்கணக்கா கொடுக்கும்.

1, 2, போத், ஆஃப்

ரெண்டு பேட்டரி வந்தாச்சு. ஆனா சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் ஒண்ணுதானே? முதல் தீர்வு, கையால் திருப்புகிற ஒரு வட்ட சுவிட்ச். அதில் நாலு நிலை: 1, 2, போத், ஆஃப். அமெரிக்காவில் பல பேர் இதைப் 'பெர்கோ சுவிட்ச்' என்றே சொல்வார்கள். பெர்கோ, அதைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர்.

எளிமையான, உறுதியான சாதனம். ஆனா அது முழுக்க மனுஷ ஞாபகத்தை நம்பியிருக்கு. 'போத்'ல வெச்சு ஓட்டிட்டு, நங்கூரம் போட்டதும் மாத்த மறந்துட்டா, பாட்டும் ஃப்ரிட்ஜும் ரெண்டு பேட்டரியையும் சேர்த்தே காலி பண்ணிடும். ரெண்டு பேட்டரி வாங்கியும் ஒரே பேட்டரி இருக்கிற நிலைமைதான். என்ஜின் ஓடிட்டிருக்கும்போது சுவிட்ச் 'ஆஃப்'க்குப் போனா இன்னொரு ஆபத்து. ஆல்டர்னேட்டர் தர்ற மின்சாரம் போக இடமில்லாம வோல்டேஜ் எகிறி, உள்ளே இருக்கிற டயோடுகள் கருகலாம்.

மறதிக்கு மாற்று

ஆல்டர்னேட்டரையே சாத்தியமாக்கிய சிலிக்கான் டயோடுதான் அடுத்த தீர்வையும் தந்தது: டயோடு ஐசோலேட்டர். மின்சாரம் ரெண்டு பேட்டரிக்கும் போகும், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பாது. ஒருவழிப்பாதை மாதிரி. ஆனால் சிலிக்கான் டயோடு வழியில் சுமார் 0.7 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும். 14.4 வோல்ட் கிளம்பினால் 13.7தான் போய்ச் சேரும். பேட்டரி எப்போதுமே அரைவயிறு.

அதுக்கு அப்புறம் வந்ததுதான் வோல்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே. ஓய்வில் இருக்கும் முழு பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். வோல்டேஜ் 13-க்கு மேலே நிலைத்து நின்றால், எங்கிருந்தோ சார்ஜ் வருகிறது என்று அர்த்தம். உடனே ரிலே ரெண்டு பேட்டரியையும் இணைக்கும். என்ஜின் நின்று வோல்டேஜ் இறங்கினால் பிரித்துவிடும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போ லித்தியம் பேட்டரி அடுத்த சிக்கலைக் கொண்டுவந்திருக்கு. அது மின்சாரத்தை ரொம்ப வேகமா உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகிடும். அதனால ஈயமும் லித்தியமும் கலந்த படகுகள்ல ரிலேவுக்குப் பதிலா, அளவோடு சார்ஜ் ஏத்துற டி.சி.-டி.சி. சார்ஜர் வைக்கிறாங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எந்த சுவிட்சுக்கும் அடங்காம, தனி ஃபியூஸோட நேரா பேட்டரியில இணைக்கப்படும்: படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப். எல்லாரும் வீட்டுக்குப் போனதுக்கு அப்புறமும், எல்லா சுவிட்சும் 'ஆஃப்'ல இருக்கும்போதும், தண்ணீர் உள்ளே வரலாம் இல்லையா?

இன்னைக்கு நடுக்கடல்ல மாட்டிக்கிட்டா, உதவிக்குக் கூப்பிட வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16 இருக்கு. படகுல பொருத்தின அந்த ரேடியோ ஓடுறதும் அதே 12 வோல்ட்லதான். ரெண்டு பேட்டரியும் ஒண்ணா காலியானா, என்ஜினோட சேர்ந்து கூப்பிடற குரலும் போயிடும். மூடுபனியில ஜாக் பின்ஸுக்குக் கைகொடுத்தது பெரிய பேட்டரி இல்லை, தனியா இருந்த பேட்டரி.